பழைய டீசல் படகு இன்ஜினில் பின்புற எண்ணெய்க் கசிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்குரிய இன்ஜின் 1970களில் தயாரானது. நான்கு சிலிண்டர்களும் 1.76 லிட்டர் கொள்ளளவும் 22:1 அழுத்த விகிதமும் கொண்டது. டீசலை முதலில் சிறிய முன்னறையில் தெளித்து எரிக்கும் மறைமுக உட்செலுத்தல் வகையைச் சேர்ந்தது. ஒன்பது மீட்டர் நீளமுள்ள ஒரு மரப்படகில், புரொப்பல்லர் தண்டின் சாய்வுக்கு ஏற்ப, பின்பக்கம் ஏறத்தாழ 10 டிகிரி தாழ்ந்திருக்கும்படி அது பொருத்தப்பட்டிருந்தது. படகு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் இப்போதைய உரிமையாளரின் கைக்கு வந்தது. இன்ஜின் குளிரிலும் ஒரே சுற்றில் கிளம்பும், புகை இல்லை, இழுவையில் குறை இல்லை. எண்ணெய் ஒழுகியது ஒன்றுதான் குறை.

இவ்வகை இன்ஜின்களில், பிஸ்டன்களின் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையை அடைப்பது இன்றைய இன்ஜின்களில் உள்ளதுபோல் ரப்பர் உதடு கொண்ட ஆயில் சீல் அன்று. இரண்டு அரைவட்ட உறைகளுக்குள் பதிக்கப்பட்ட கயிறு ஒன்று தண்டைச் சுற்றி அணைத்துக்கொள்கிறது. தண்டின் மீதே திருகுபோல ஒரு புரி வெட்டப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது அந்தப் புரி, பின்னோக்கி வரும் எண்ணெயை மறுபடி சம்ப்புக்குள் (இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி) தள்ளிவிடும். எஞ்சியதைக் கயிறு தடுக்கும். எனவே இந்த அமைப்பு சரியாக வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: கிராங்க் அறைக்குள் அழுத்தம் சேரக்கூடாது, இன்ஜின் நிற்கும்போது எண்ணெய் மட்டம் தண்டை எட்டக்கூடாது. பழைய இன்ஜின்களைப் பற்றிப் பேசும்போது "அந்தக் காலத்து சீல் அப்படித்தான் ஒழுகும்" என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த இரண்டு நிபந்தனைகளையும் சரிபார்க்காமல் அப்படிச் சொல்வது இன்ஜினுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

நான் இதில் சேர்வதற்கு முந்தைய ஆண்டில், வேறொரு பட்டறையில் இன்ஜினை வெளியே தூக்கி, கியர் பாக்ஸ், கனமான சுழல்சக்கரமான ஃப்ளைவீல், அதன் பின்தகடு எல்லாவற்றையும் கழற்றிப் புதிய கயிறு போட்டிருந்தார்கள். ஏறத்தாழ 30 மணி நேர ஓட்டத்துக்குள் கசிவு பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. அதன்பிறகு உரிமையாளர் கெட்டியான எண்ணெய்க்கு மாறிப் பார்த்தார். கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் திரவம் ஒன்றையும் ஊற்றிப் பார்த்தார். அத்தகைய திரவங்கள் இறுகிப்போன ரப்பர் உதட்டை மென்மையாக்கி உப்பச் செய்பவை. உதடே இல்லாத இந்த சீலில் அவற்றுக்கு வேலை எதுவும் இல்லை. கெட்டியான எண்ணெயும் இன்ஜின் சூடானபின் பெரிதாக எதையும் மாற்றவில்லை.

உரிமையாளரை உறுத்தியது எண்ணெய்ச் செலவைவிட மற்றொன்று. கசிந்த எண்ணெய் படகின் அடிக்குழியான பில்ஜில் தேங்கிய நீருடன் கலந்தது. மிதவை சுவிட்ச் உள்ள பம்ப் தானாக ஓடும்போதெல்லாம் அது வெளியே போய் நீர்ப்பரப்பில் வானவில் நிறத்தில் படர்ந்தது. கப்பல்களுக்கான மார்போல் உடன்படிக்கை பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் கலந்த நீரை வெளியேற்றக் கூடாது என்கிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் நீர்ப்பரப்பில் எவ்வளவு தூரம் படரும் என்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்த வரம்பின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. படகை முதன்முதலில் பார்க்கப் போன அன்று நாங்கள் செய்த முதல் காரியம் அந்தத் தானியங்கி சுவிட்சைத் துண்டித்ததுதான். நீரைக் கையால் இறைத்து, எண்ணெயை மட்டும் உறிஞ்சும் பஞ்சுத் தாள்களால் பிரித்தெடுக்கத் தொடங்கினோம்.

முதல் பார்வையில் கண்டவை

கழற்றும் வேலை எதையும் தொடங்குவதற்கு முன் முழு இன்ஜினையும் கழுவிச் சுத்தம் செய்வதென்று முடிவாயிற்று. பல ஆண்டுகளாகப் படிந்த கரிய பிசுக்கின் மேல் ஓடும் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஃப்ளைவீலின் சுழல்காற்று அதை எல்லாப் பக்கமும் விசிறிவிடும். பிசுக்கு நீக்கும் திரவத்தைத் தூரிகையால் தடவித் துடைத்து உலரவிட்டபின், வால்வுகளை மூடும் மேல்மூடியான டாப்பெட் கவரின் ஓரங்களிலும், சம்ப் பொருந்தும் இடத்திலும், டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப்பைச் சுற்றியும் டால்கம் பவுடரை மெல்லத் தூவினோம். இன்ஜினுக்குக் கீழே வெள்ளைத் தாள்களை முன், நடு, பின் என எண்ணிட்டு விரித்தோம். ஃப்ளைவீலை மூடியிருக்கும் உறையான பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள வடிதுளைக்கு நேர் கீழே அளவு குறித்த ஒரு தனி டப்பா வைத்தோம்.

இரண்டு மணி நேரம் ஓட்டியபின் தாள்களைப் பார்த்தோம். முன்பக்கத் தாள் உலர்ந்திருந்தது. நடுத்தாளில் ஃபீட் பம்ப்புக்கு நேர் கீழே வெளிறிய ஒரு கறை. அதைக் கறை என்பதைவிட ஈரம் என்றே சொல்லலாம். டாப்பெட் கவரின் பின்மூலையில் பவுடர் சற்றே கறுத்திருந்தது. மற்றதெல்லாம் பெல் ஹவுசிங் துளையின் கீழ் இருந்த டப்பாவில். அதில் விழுந்த எண்ணெய் முழுக்கக் கறுப்பு. கியர் பாக்ஸில் இருந்ததோ சிவப்பு நிற எண்ணெய். ஆகவே கியர் பாக்ஸின் முன் சீலை முதலிலேயே சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்க முடிந்தது. இரண்டு எண்ணெய்களும் ஒரே நிறமாக இருக்கும் படகுகளில் இந்த வசதி கிடைக்காது.

கவனத்தை ஈர்த்த வேறு மூன்று செய்திகளும் அன்றே குறிப்பேட்டில் ஏறின. இன்ஜினை நிறுத்திய பிறகும் இரவு முழுவதும் சொட்டு நிற்கவில்லை. எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் நுழையும் குழாயின் வாயைச் சுற்றி, துடைக்கத் துடைக்க, எண்ணெய்ப் புகை படிந்து ஈரமாகியது. மூன்றாவது, உரிமையாளரின் சொந்தக் கணக்கிலிருந்து வந்தது. அவர் 10 மணி நேர ஓட்டத்துக்கு ஏறத்தாழ 450 மி.லி. எண்ணெய் சேர்த்து வந்தார். நாங்கள் அடுத்த 10 மணி நேரம் டப்பாவில் பிடித்து அளந்ததோ 540 மி.லி. சேர்ப்பதைவிட அதிகம் வெளியேறியும் மட்டம் குறையாமல் நின்றது. இன்ஜின் எரித்துத் தீர்க்கும் எண்ணெயையும் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் இன்னும் கூடும். அப்படியானால் சம்ப்புக்குள் வேறு ஏதோ சேர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

எங்களுடன் இருந்த முதிய மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவி விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சீலு மேல பழி போடாதீங்க தம்பி. மூச்சு விட வழியில்லாத இன்ஜின் எங்கேயாவது ஒழுகத்தான் செய்யும். இதுல டீசலும் எறங்குது." அவர் சொன்ன இரண்டும் சரியாகவே இருந்தன. ஆனால் சொன்னதை ஏற்பதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும் என்பதில் அவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அளவைகள்

டீசல் கலப்பைக் கண்டுபிடிக்க மூக்கை நம்பக் கூடாது. டீசல் இன்ஜினின் பழைய எண்ணெய் எப்போதுமே ஓரளவு டீசல் வாடையடிக்கும். ஒரு வடிதாளில் சம்ப் எண்ணெயின் ஒரு துளியை விட்டு ஓர் இரவு வைத்தோம். காலையில் நடுவில் கரிய வட்டமும், அதைச் சுற்றிச் சாம்பல் வளையமும், அதற்கும் வெளியே நிறமற்று ஒளி ஊடுருவும் அகன்ற ஒரு வளையமும் தெரிந்தன. அந்த வெளிவளையம் டீசல். அடுத்து, அதே வகைப் புதிய எண்ணெயிலும் சம்ப் எண்ணெயிலும் ஒவ்வொரு துளியை ஒரே வெப்பநிலையில் சாய்ந்த கண்ணாடியின் உச்சியில் விட்டோம். புதிய துளி பாதி தூரம் இறங்குவதற்குள் சம்ப் துளி அடிவிளிம்பைத் தொட்டுவிட்டது. ஆய்வுக்கூட அறிக்கையின் துல்லியம் இவற்றுக்கு இல்லை. ஆனால் படகிலேயே செய்யக்கூடிய இந்தச் சோதனைகள் அடுத்து எதைக் கழற்ற வேண்டும் என்பதைச் சொல்லப் போதுமானவை.

ஃபீட் பம்ப்பைக் கழற்றி, டீசல் குழாய் இணைப்பை மட்டும் விட்டுவைத்து, கை நெம்புகோலை இயக்கிப் பார்த்தபோது இன்ஜின் பக்கம் பொருந்தும் முகத்தில் டீசல் பனித்துளிபோல் அரும்பியது. உள்ளே இருந்த மெல்லிய சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருந்தது. வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் இவ்வகை பம்ப்பில் டயாஃப்ரம் கிழிந்தால் டீசல் நேராகக் கிராங்க் அறைக்குள்தான் இறங்கும்.

அடுத்தது கிராங்க் அறையின் அழுத்தம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் ஆங்கில எழுத்து யூ வடிவில் வளைத்துக் கட்டி, மை கலந்த நீரைப் பாதியளவு நிரப்பி, ஒரு முனையை எண்ணெய் ஊற்றும் வாய்க்கென்று துளையிட்டு வைத்த மாற்று மூடியில் இணைத்தோம். மறுமுனை திறந்த காற்றில். கிராங்க் அறையில் அழுத்தம் கூடினால் இரண்டு கைகளிலும் உள்ள நீர்மட்டம் அதற்கேற்ப விலகும். மெல்லோட்டத்தில் 14 மி.மீ. விலகல் தெரிந்தது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் அது 90 மி.மீ. ஆயிற்று. கிராங்க் அறையின் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய், இன்ஜின் காற்று உள்ளிழுக்கும் பாதையோடு இணைந்த இந்த அமைப்பில் நீர்மட்டங்கள் கிட்டத்தட்ட சமமாகவே நின்றிருக்க வேண்டும்.

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிச் சிறிதளவு வாயு கீழே இறங்குவது எந்த இன்ஜினிலும் இயல்பு. 2,000 சுற்றில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 4,000 அழுத்த வீச்சுகள் நிகழ்கின்றன. ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய பங்கு கசிந்தாலும் அது வெளியேற வழி வேண்டும். அந்த வழி பிரீதர். அதைக் கழற்றிப் பார்த்தபோது விளக்கம் கையிலேயே கிடைத்தது. யாரோ பழைய குழாய்க்குப் பதிலாக மெல்லிய எரிபொருள் குழாயைப் போட்டிருந்தார்கள். எண்ணெய்ப் புகை பட்டு அதன் உட்சுவர் ஊறி உப்பி, உள்வழி பென்சில் பருமனுக்குச் சுருங்கியிருந்தது. தொய்ந்து தொங்கிய வளைவில் நீரும் எண்ணெயும் கலந்த மஞ்சள் நிறக் குழம்பு ஒரு தக்கையைப்போல் அடைத்து நின்றது. குழாயைத் தலைகீழாகப் பிடித்து உதறினால்கூட அது உடனே இறங்கவில்லை. டாப்பெட் கவருக்குள் இருந்த கம்பி வலையும் கரியால் மூடிக் கிடந்தது.

ரிங்குகள் தேய்ந்து வாயு அளவு மீறி இறங்குகிறதா என்ற ஐயத்தை நீக்க, சூடான நிலையில் நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தோம். 26 முதல் 28 பார் வரை, பெரிய வேறுபாடின்றி இருந்தது. இன்ஜினின் மேல்பகுதியைத் திறக்கத் தேவையில்லை என்பது இதனால் உறுதியாயிற்று.

கடைசியாக எண்ணெய் மட்டம். சம்ப்பை முழுவதுமாக வடித்து அளந்தபோது 5.3 லிட்டர் வந்தது; கையேடு சொல்வது 4 லிட்டர். உரிமையாளர் ஒருபோதும் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியவர் அல்லர் என்பதால் இது எங்களைச் சிறிது நேரம் குழப்பியது. டிப்ஸ்டிக்கின் கோடுகள் இன்ஜின் சமமட்டத்தில் இருக்கும் நிலைக்கு வெட்டப்பட்டவை என்பதை நினைத்தபோது கணக்கு நேராயிற்று. இந்த இன்ஜினில் டிப்ஸ்டிக் சம்ப்பின் மையத்திலிருந்து 110 மி.மீ. முன்னால் இறங்குகிறது. 10 டிகிரி சாய்வில் எண்ணெய் பின்பக்கம் ஒதுங்குவதால் அந்த இடத்தில் மட்டம் 110-ஐ 0.176-ஆல் பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 19 மி.மீ., குறைவாகத் தெரியும். சரியான அளவு எண்ணெய் இருந்தபோது கம்பி போதாது என்று சொன்னது. கம்பியை நம்பி நிரப்பியபோது, ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பின்முனையில் எண்ணெய் தண்டின் அடிவிளிம்பை நெருங்கியது. தண்டு நிற்கும்போது புரி எதையும் திருப்பி அனுப்ப முடியாது. இரவில் நிற்காமல் விழுந்த சொட்டுகளுக்கு இதுவே காரணம் என்று அன்று முடிவு செய்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

படகை ஓட்டும் பருவம் தொடங்கியிருந்தது. எப்படியும் கயிற்றை மாற்றத்தான் போகிறோம், இப்போதே இன்ஜினைத் தூக்கிவிடலாம் என்பது உரிமையாளரின் விருப்பம். ஒரு முறை அதைச் செய்து பயன் கிடைக்காத நிலையில், அழுத்தமும் மட்டமும் சரியாகாமல் இன்னொரு கயிற்றைப் போட்டால் அதுவும் அதே கதிக்கு ஆளாகும் என்று நாங்கள் வாதிட்டோம். முடிவில், ஒவ்வொன்றாகச் சரிசெய்வது, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் 10 மணி நேரம் ஓட்டி டப்பாவை அளப்பது, சீலைப் பருவம் முடிந்து படகைக் கரையேற்றும்போது பார்ப்பது என்று உடன்பாடு ஏற்பட்டது.

முதலில் பிரீதர். கம்பி வலையைக் கழுவி, எண்ணெய் தாங்கும் உறுதியான குழாயைத் தொய்வில்லாமல் மேல்நோக்கிப் பொருத்தினோம். இங்கே ஓர் ஆபத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அளவுக்கு மேல் நிறைந்த, அதிலும் டீசல் கலந்த சம்ப்பிலிருந்து பிரீதர் வழியாக எண்ணெய்ப் புகை காற்று உள்ளிழுக்கும் பாதைக்குள் போனால், டீசல் இன்ஜின் அந்த எண்ணெயையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுப்பாடின்றி வேகமெடுக்கலாம். அப்போது டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் நிற்காது; காற்றை அடைத்தால்தான் நிற்கும். அடைபட்டிருந்த பழைய குழாய் சீலுக்குக் கேடு செய்தாலும் அந்த ஆபத்தைத் தற்செயலாகத் தடுத்து வைத்திருந்தது. ஆகவே இந்த முதல் 10 மணி நேரச் சோதனையின்போது புதிய குழாயைக் காற்றுப் பாதையில் இணைக்காமல், திறந்த ஒரு தனிப் பாத்திரத்துக்குக் கொண்டுபோனோம். இன்ஜின் அறையின் மூடி திறந்தே இருந்தது. காற்று வாயை அடைக்க ஒரு தடித்த பலகையும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. இப்போது நினைத்தால், அந்தச் சோதனையையே மட்டத்தைச் சரிசெய்தபின் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அழுத்தம் 2,000 சுற்றில் 90-லிருந்து 8 மி.மீ.க்கு இறங்கியது. கசிவு 10 மணி நேரத்துக்கு 540 மி.லி.யிலிருந்து 310 ஆயிற்று. டிப்ஸ்டிக் வாயில் ஈரம் நின்றது.

அடுத்த கட்டத்தில் ஃபீட் பம்ப்பையும் எண்ணெய் அளவையும் ஒரே நேரத்தில் மாற்றினோம். தனித்தனியாகச் செய்திருந்தால் ஒவ்வொன்றின் பங்கும் தெரிந்திருக்கும். ஆனால் டீசல் கலந்து நீர்த்த எண்ணெயில் பேரிங்குகளை மேலும் 10 மணி நேரம் ஓட்டுவதற்கு மனம் ஒப்பவில்லை. புதிய பம்ப், புதிய ஃபில்டர், அளந்து ஊற்றிய 4 லிட்டர் புதிய எண்ணெய். படகு நீரில் இயல்பாக மிதக்கும் நிலையில், ஓட்டி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, எண்ணெய் கம்பியைத் தொட்ட இடத்தில் அரத்தால் புதிய கோடு வெட்டினோம். பழைய மேல்கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டோம். இரண்டு கோடுகளும் இருந்தால் என்றாவது ஒருநாள் யாரேனும் பழைய கோடு வரை ஊற்றிவிடுவார்கள். பிரீதரை இடையில் ஒரு சிறிய எண்ணெய் பிரிப்பான் வைத்துக் காற்றுப் பாதையோடு மறுபடி இணைத்தோம். கசிவு 170 மி.லி. ஆனது. எண்ணெய் அழுத்த முள்ளும் சூடான நிலையில் முன்பைவிடச் சற்று மேலே நின்றது.

170 மி.லி. சிறிய அளவன்று, ஆனால் அதற்காகப் பருவத்தின் நடுவே இன்ஜினைத் தூக்கத் தேவையில்லை என்று இம்முறை உரிமையாளரே சொன்னார். இன்ஜினுக்கு அடியில், பில்ஜோடு தொடர்பில்லாத தனித் தட்டு ஒன்றைச் செய்து பொருத்தினோம். விழும் எண்ணெய் அதிலேயே தங்கி, உறிஞ்சுதாளால் எடுக்கப்பட்டது. பில்ஜ் நீர் தெளிந்தபின்தான் பம்ப்பின் தானியங்கி சுவிட்சை மறுபடி இணைத்தோம். ஒரு கசிவை நிறுத்த முடியாதபோதும் அது நீர்நிலைக்குப் போகாமல் தடுத்துவிடலாம்; இந்தத் தட்டை முதல் நாளே பொருத்தியிருக்க வேண்டும்.

சீலைத் திறந்தபோது

பருவம் முடிந்து படகு கரையேறியதும் இன்ஜினை வெளியே எடுத்தோம். பின்தகட்டைக் கழற்றியதும் முதலில் பார்த்தது கேம் ஷாஃப்ட்டின் பின்முனையை மூடும் தகடு. அது கசிந்தாலும் எண்ணெய் இதே பெல் ஹவுசிங்குக்குள்தான் விழும். பார்ப்பவர் சீலைக் குறை சொல்லிவிடுவார். அது உலர்ந்தே இருந்தது. டயல் கேஜ் வைத்துத் தண்டின் ஆட்டத்தைப் பார்த்தோம். பேரிங்கில் தேய்மானம் கவலைக்குரியதாக இல்லை. தண்டு தன் அறைக்குள் ஆடுமானால் எந்தக் கயிறும் நிலைக்காது என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

சீலின் இரு அரைவட்ட உறைகளையும் பிரித்தபோது, முந்தைய வேலையின் பிழை கண்ணெதிரே கிடந்தது. கயிற்றின் நுனிகள் உறையின் முகத்தோடு சமமாக, கத்தியால் வெட்டியதுபோல் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன. இரு அரைகளும் பொருந்தும்போது நுனிகள் ஒன்றையொன்று அழுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு நுனியும் 0.25 முதல் 0.5 மி.மீ. வரை வெளியே நீண்டிருக்க வேண்டும் என்று கையேடு கூறுகிறது. நகத்தால் தடவினால் மட்டும் தெரியும் அந்த நீட்சி இங்கே இல்லை. இரண்டு நுனிகளுக்கும் நடுவே தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. போதாததற்கு, பொருத்தும் முகங்களில் சிலிகோன் சீலன்ட் தாராளமாகப் பூசப்பட்டிருந்தது. பிதுங்கிய கட்டி ஒன்று கயிற்றுக்கும் தண்டுக்கும் நடுவே சிக்கித் தண்டின் மேல் பளபளப்பான தடமொன்றை உண்டாக்கியிருந்தது.

கயிற்றுக்குப் பதிலாக ரப்பர் உதட்டு சீலைப் பொருத்தலாமா என்று ஆலோசித்தோம். தண்டின் மீது வெட்டிய புரியின் மேல் உதடு உராய்ந்தால் சீக்கிரமே கிழியும். அதைத் தவிர்க்க உறை ஒன்றை ஏற்றவோ தண்டைக் கடையவோ கிராங்க் ஷாஃப்ட்டையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். நல்ல நிலையில் உள்ள பேரிங்குகளை அதற்காகக் கலைப்பது சரியாகப் படவில்லை. வடிவமைத்தவர்கள் எண்ணிய முறையில் கயிற்றையே ஒழுங்காகப் போடுவதென்று தீர்மானித்தோம்.

அந்தக் காலத்து இன்ஜின்களில் தொடக்கத்தில் போட்ட கயிறு ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. முந்தைய பட்டறை போட்டதாகச் சொன்ன இந்தக் கயிறு எதனால் ஆனது என்பதற்கு எழுத்துப்பூர்வமான சான்று கிடைக்காததால் அதை ஆஸ்பெஸ்டாஸ் என்றே கொண்டு நடந்தோம்: நனைத்தபடியே எடுத்தோம், தேய்க்கவோ காற்றடித்து ஊதவோ இல்லை, தகுந்த முகக்கவசம் அணிந்தோம், உறையில் இட்டு மூடி அபாயக் கழிவாக ஒப்படைத்தோம். பட்டறைகளில் இந்தப் பள்ளங்களைக் கம்பித் தூரிகையால் உலர்வாகச் சுரண்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் தூசி நுரையீரலில் செய்யும் கேடு பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும் என்பதால்தான் அது ஒரு பொருட்டாகவே தெரிவதில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புதிய கயிறு பழையதைவிடச் சற்று விறைப்பாக இருந்தது. ஒவ்வொரு நுனியிலும் ஏறத்தாழ 25 மி.மீ. நீளத்தை விரலால் முதலில் பள்ளத்தில் அமர்த்தி, நுனி வேண்டிய அளவு நீண்டிருப்பதை உறுதிசெய்து, பின்பே நடுப்பகுதியை உள்ளே அழுத்தினோம். வழவழப்பான ஓர் உருளைத் தண்டை அதன்மேல் உருட்டி உருட்டிக் கயிற்றைப் பதித்தோம். மேற்பரப்பில் கிராஃபைட் கிரீஸ் தடவினோம். உறைகளைத் தளர்வாகப் பொருத்தி, தண்டைக் கையால் சுழற்றி, எங்கும் கடினமாகப் பிடிக்கவில்லை என்று உணர்ந்தபின்தான் போல்ட்களை இறுக்கினோம். இந்த ஒரு வேலைக்கே அரை நாள் ஆயிற்று.

விளைவு

படகு நீரில் இறங்கிய பிறகு முதல் 10 மணி நேரத்தில் டப்பாவில் சேர்ந்தது 15 மி.லி. நின்ற இன்ஜினில் இரவுச் சொட்டு இல்லை. கிராங்க் அறை அழுத்தம் 8 மி.மீ.யிலேயே இருந்தது.

எஞ்சிய அந்த 15 மி.லி. சீலிலிருந்து வரவில்லை. சம்ப்பின் பின்மூலை சீல் உறையைச் சந்திக்கும் இடத்தில் கேஸ்கட்டும் கார்க் பட்டையும் கூடும். அங்கே சிறு துளி சீலன்ட் வைத்தோம். அது முழுதாக இறுகும் வரை விட்டிருக்க வேண்டும். கிரேன் அன்று மாலை கிடைத்தது என்பதற்காக, எண்ணெயை ஊற்றி இன்ஜினைப் படகில் இறக்கிவிட்டோம். அந்த அவசரம் என்னுடையது. சம்ப்பை இறக்க வேண்டுமானால் மறுபடியும் இன்ஜினைத் தூக்க வேண்டும் என்பதால் அந்த மூலை இன்றும் அப்படியே இருக்கிறது.

14 மாதங்களில் 120 மணி நேரம் ஓடியபின் மறுபடி அளந்தபோது 10 மணி நேரத்துக்கு 20 மி.லி. வந்தது. வடிதாளில் டீசல் வளையம் தென்படவில்லை. பில்ஜ் நீரில் எண்ணெய்ப் படலம் இல்லை.

மறுமுறை மாற்றிச் செய்ய வேண்டியவை

யூ வடிவில் வளைத்த பிளாஸ்டிக் குழாயாலான அந்த எளிய அழுத்தமானியை முதல் நாளே கையில் எடுத்திருக்க வேண்டும். முந்தைய பட்டறையும் எடுத்திருந்தால் முதல் கயிற்றுக்கு ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும். அந்தக் கயிறு தவறாகப் போடப்பட்டதா, அழுத்தத்தால் கெட்டதா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்வேன். 540-இல் 370 மி.லி. குறைந்தது சீலைத் தொடாமலேயே. ஆனால் நுனி ஒட்ட நறுக்கிய அந்தக் கயிறு, பிரீதர் எவ்வளவு சுத்தமாக இருந்திருந்தாலும், முழுதாக அடைத்திருக்காது.

இன்ஜின் நின்றபின் விழும் சொட்டுகளுக்கு எண்ணெய் மட்டம் ஒன்றையே காரணமாக்கியது என் பிழை. மட்டம் சரியான பிறகும் சில சொட்டுகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. பெல் ஹவுசிங்குக்குள் ஓட்டத்தின்போது தெறித்துத் தங்கிய எண்ணெய் மெல்ல வடிவதும் அதில் சேர்ந்திருக்கிறது. சீலைச் சரியாகப் போட்ட பிறகே இரவுச் சொட்டு முழுவதும் நின்றது. நிறுத்தியவுடன் பெல் ஹவுசிங்கை உள்ளே துடைத்துவிட்டு, அதன்பிறகு டப்பா வைத்திருந்தால் இரண்டையும் அப்போதே பிரித்திருக்கலாம்.

பிரீதர் குழாயை இப்போது ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கழற்றி, உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறார் உரிமையாளர். எண்ணெய் மட்டத்தைப் படகில் ஆட்களும் சுமையும் ஏறுவதற்கு முன், ஒரே இடத்தில் மிதக்கும்போது மட்டுமே பார்க்கிறார். இரண்டு பேர் பின்பக்கம் நின்றாலே கம்பியில் கோடு மாறுவதை அவரே கவனித்துச் சொன்னார். தட்டில் சேரும் எண்ணெயை மாதம் ஒருமுறை அளந்து, ஓட்டிய மணி நேரத்தோடு சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதி வருகிறார். அது 10 மணி நேரத்துக்கு 50 மி.லி.யைத் தாண்டினால், எதையும் கழற்றுவதற்கு முன் முதலில் அழுத்தமானியைப் பொருத்துவது என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.